காறை எலும்பு முறிந்தவரின் விலாவையும் பார்க்க வேண்டும்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் வட்டாரத்து ஆலைகள், கன்டெய்னர் யார்டுகள், மீன்பிடித் துறைமுகம், கட்டுமானத் தளங்கள் ஆகியவற்றின் முதலுதவிப் பொறுப்பாளர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மார்பில் பலத்த அடி பட்டவருக்குக் காறை எலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்தே முறிவது உண்டு. இரண்டில் கண்ணுக்குத் தெரிவது காறை எலும்புதான். கழுத்துக்குக் கீழே, தோலை ஒட்டியே ஓடும் எலும்பு அது. முறிந்தால் மேடு தட்டும், வீங்கும், கன்றிப்போகும். அடிபட்டவர் ஒரு கையால் மறு கையைத் தாங்கிக்கொண்டு, தலையை அந்தப் பக்கமாகச் சாய்த்தபடி நிற்பார். ‘தோள்பட்டை போச்சு’ என்று சுற்றி நிற்பவர்கள் சொல்லிவிடுவார்கள். விலா முறிவுக்கு அப்படி வெளி அடையாளம் கிடையாது. சட்டையைக் கழற்றினால்கூடப் பல நேரம் ஒரு சிராய்ப்புக்கு மேல் ஒன்றும் தெரியாது. தோள் வலி பெரிதாக இருக்கும்போது விலாவின் வலியை அடிபட்டவரே தனியாகப் பிரித்துச் சொல்வதில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் இந்தத் தெரியாத முறிவின் பக்கத்திலிருந்துதான்.

இதற்கு வரலாற்றில் பெயர்பெற்ற ஒரு நோயாளி உண்டு. பிரிட்டனின் முன்னாள் பிரதமர் சர் ராபர்ட் பீல் 1850 ஜூன் 29 அன்று லண்டனில் குதிரையிலிருந்து விழுந்தார். குதிரையும் தடுமாறி அவர்மேல் விழுந்தது. இடது காறை எலும்பு முறிந்தது மருத்துவர்களுக்கு உடனே தெரிந்தது. வலி தாங்காத அவரிடம் அதற்குமேல் நுணுக்கமான பரிசோதனை எதுவும் செய்ய முடியவில்லை. ஜூலை 2 இரவு அவர் இறந்தார். இடப்பக்க விலா எலும்பு ஒன்றும் முறிந்து நுரையீரலை அழுத்தியிருந்தது என்பது இறந்த பிறகே தெரியவந்தது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட அப்போது இன்னும் 45 ஆண்டுகள் இருந்தன. இன்று எக்ஸ்ரே தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஆனால் சீட்டில் ‘தோள்’ என்று எழுதிக் கொடுத்தால் அது தோளை மட்டும்தான் படம் எடுக்கும்.

காறை எலும்பு, கையை உடலின் நடுப்பகுதியோடு எலும்பால் இணைக்கும் ஒரே முட்டு. அதன் ஒரு முனை மார்பெலும்பிலும் மறுமுனை தோள்பட்டை எலும்பிலும் பொருந்தியிருக்கிறது. தோளின் பக்கவாட்டில் விழுகிற அடி முழுவதும் இந்த மெல்லிய எலும்பின் வழியாகத்தான் மார்பை நோக்கிப் போகிறது. அது முறிவதில் பத்துக்கு எட்டு முறை நடுப்பகுதியில்தான். அதற்குப் பின்னால், முதல் விலாவுக்கு மேலாக, கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களும் நரம்புக் கற்றையும் ஓடுகின்றன. விலா எலும்புகள் 12 இணைகள். மேலே உள்ள மூன்றும் காறை எலும்பு, தோள்பட்டை எலும்பு, தசைகள் ஆகியவற்றின் மறைவில் இருப்பதால் எளிதில் முறியாது. அவை முறிந்திருந்தால் அடி மிகப் பலமானது என்று பொருள். தலை, கழுத்துத் தண்டுவடம், பெரிய ரத்தக்குழாய் எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும். நான்கு முதல் ஒன்பது வரை உள்ளவைதான் அதிகம் முறிபவை. கீழ் விலாக்கள் முறிந்தால் இடப்பக்கம் மண்ணீரலையும் வலப்பக்கம் கல்லீரலையும் நினைக்க வேண்டும். அப்போது வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் அடிபட்டவர் ‘விலாவில்தான் வலி’ என்றே சொல்வார்.

இரண்டும் சேர்ந்து முறிவதற்கான வழிகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்தை நோக்கி வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களின் இடுக்கில் புகுந்து போகும் டூவீலர்காரர் தோள் மோத விழுகிறார். பின்னாலேயே வண்டியின் கைப்பிடி நெஞ்சில் இறங்குகிறது. எட்டரை அடி உயரக் கன்டெய்னர் டிரெய்லரின்மேல் உட்கார்ந்திருக்கும்போது அதன் தலை தரையிலிருந்து ஏறக்குறைய 13 அடி. கொக்கி மாட்ட மேலே ஏறிய ஆள் அங்கிருந்து சறுக்கினால் தோளும் விலாவும் ஒன்றாகத் தரையில் மோதுகின்றன. ரிவர்ஸ் எடுக்கும் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் சிக்குவது, காசிமேட்டில் விசைப்படகுக்கும் மேடைக்கும் இடையில் நசுங்குவது, விஞ்சில் ஓடும் கயிறு அறுந்து நெஞ்சில் அடிப்பது எல்லாம் இதே கணக்கில் வரும். லாரியோ காரோ ஓட்டுபவருக்கு சீட் பெல்ட் வலத்தோளின் குறுக்கே போவதால் முறிவும் வலப்பக்கம் விழுவது வழக்கம். அதற்காக பெல்ட்டைக் குறைசொல்ல முடியாது. அது இல்லாவிட்டால் ஸ்டியரிங்கில் போய் மோதுவது மார்பெலும்பு.

கட்டுமானத் தளங்களின் கதை தனி. எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் 2025 செப்டம்பர் 30 அன்று உயரத்தில் அமைந்த இரும்புச் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். வடகிழக்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள். செய்தியாகும் விபத்து அது. செய்தியாகாதவை, ஒருவர் பத்தடி உயரத்திலிருந்து விழுந்து, எழுந்து உட்கார்ந்து, ‘டீக் ஹே’ என்று சொல்லிவிட்டுக் கூலியை இழக்க மனமில்லாமல் மறுபடி வேலைக்குப் போவது போன்றவை. மூச்சு இழுக்கும்போது குத்துகிறதா என்று அவருடைய மொழியில் கேட்க ஆள் இல்லாத இடத்தில் ஒரு வழி உண்டு: ஆழமாக மூச்சு இழுத்துக் காட்டி, அதேபோல் செய்யச் சொல்வது. பாதி மூச்சில் முகம் சுளித்து நிறுத்தினால் விலாவில் ஏதோ இருக்கிறது.

இரண்டு முறிவும் சேர்ந்தால் ஏன் கணக்கு மாறுகிறது என்பது இந்த விஷயத்தின் மையம். காறை எலும்பு மட்டும் முறிந்தால் அதன் அடியில் உள்ள மார்புக்கூடு உறுதியாக இருக்கிறது. தோள் ஓரளவுக்கு அதன்மேல் சாய்ந்து நிற்கும், எலும்பு இருந்த இடத்திலேயே கூடும். அதே பக்கத்து மேல் விலாக்களும் முறிந்திருந்தால் அந்த ஆதாரம் போய்விடுகிறது. தோள் முன்னோக்கியும் உள்நோக்கியும் சரிகிறது. முதல் நாள் படத்தில் கிட்டத்தட்ட நேராக இருந்த காறை எலும்பு, ஒன்றிரண்டு வாரங்களில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குட்டையாகிவிடலாம். அடிபட்ட அன்று மல்லாக்கப் படுத்த நிலையில் எடுத்த படத்தில் விலகல் குறைவாகத் தெரியும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே விலாவும் முறிந்தவருக்கு, உட்கார முடிந்த பிறகு இன்னொரு படம் கட்டாயம் தேவை. முதல் படத்தை வைத்தே ஆறு வாரம் ஓட்டிவிடுவது சரியல்ல.

மறுபக்கம் மூச்சு. விலா முறிந்தவருக்கு ஒவ்வொரு மூச்சும் வலி. அதனால் அவர் மேலோட்டமாக மூச்சு விடுகிறார், இருமலை அடக்குகிறார். சளி உள்ளேயே தங்குகிறது. நுரையீரலின் அடிப்பகுதி சுருங்குகிறது. அங்கே கிருமி சேர்ந்து நிமோனியா ஆகிறது. காறை எலும்பும் முறிந்திருந்தால் அந்தக் கையை ஊன்றி எழுந்து உட்காரவும் முடியாது, ஒருபக்கம் திரும்பிப் படுக்கவும் முடியாது. ஆகவே படுத்தே கிடக்கிறார். மூச்சு இன்னும் சுருங்குகிறது. இதற்கு மேல் நுரையீரலிலேயே ஊமைக்காயம் இருக்கலாம். அடி வாங்கிய நுரையீரல் உடனே காட்டிக்கொடுக்காது. நீர் கோத்து, ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள்தான் அது மோசமாகும். விபத்தன்று நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் மறுநாளோ மூன்றாம் நாளோ அறையில் மூச்சுத் திணறிக் கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

உடனடி ஆபத்துகள் வேறு. முறிந்த விலாவின் முனை நுரையீரலைக் குத்தினால் காற்று வெளியேறி மார்புக்கூட்டுக்குள் அடைபடும். ரத்தக்குழாயைக் கிழித்தால் ரத்தம் தேங்கும். அடைபட்ட காற்று அழுத்தம் கூடிக்கொண்டே போனால் இதயத்துக்கு ரத்தம் திரும்புவதே தடைபட்டு, சில நிமிடங்களில் உயிர் போகும். அடுத்தடுத்த மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விலாக்கள், ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் முறிந்தால், மார்பின் அந்தத் துண்டு தனியாகப் பிரிந்துவிடும். மூச்சு இழுக்கும்போது மார்பு விரிய அந்தத் துண்டு மட்டும் உள்ளே போகும். விடும்போது வெளியே வரும். சட்டையை விலக்கிப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். சட்டையை விலக்காவிட்டால் தெரியாது.

களத்தில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதைக் கடிகாரம் வைத்து எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 24-ஐத் தாண்டினால் கவலைக்குரியது, 30-ஐத் தாண்டினால் அவசரம். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பல அலுவலக மேசை இழுப்பறைகளில் இன்னும் கிடக்கிறது. புது பேட்டரி போட்டு விரலில் மாட்டினால் போதும். 94-க்குக் கீழே இறங்கினால் தாமதிக்கக் கூடாது. ஆனால் எண் நன்றாக இருப்பதால் மட்டும் ஆபத்தில்லை என்று விட்டுவிடவும் கூடாது. கழுத்தடியிலும் மார்பிலும் தோலை விரலால் மெல்ல அழுத்தும்போது உள்ளே நறநறவென்று பொரிவதுபோல் தெரிந்தால், நுரையீரலிலிருந்து கசிந்த காற்று தோலுக்கடியில் புகுந்திருக்கிறது. அடிபட்ட பக்கத்துக் கை குளிர்ந்து வெளுத்திருந்தாலோ, விரல்கள் மரத்து அசையாமல் இருந்தாலோ, காறை எலும்புக்குப் பின்னால் உள்ள ரத்தக்குழாயும் நரம்புக் கற்றையும் அடிபட்டிருக்கலாம். டூவீலர் விபத்தில் தோள் பிய்வதுபோல் இழுபடும்போது இந்த நரம்புக் கற்றை வேரோடு அறுபடுவதுண்டு. ராயபுரம் பக்கத்திலேயே இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1971-இல் தொடங்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. வடசென்னைக்காரருக்கு அந்த உதவி கூப்பிடு தூரத்தில் கிடைக்கிறது.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சில காரியங்கள் இந்த நோயாளிக்குக் கேடு. முதலாவது, விழுந்தவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைப்பது. முறிந்த காறை எலும்பின் முனை அப்போது கீழே உள்ள குழாய்களை நோக்கித் தள்ளப்படுகிறது, விலாக்களும் இடம் மாறுகின்றன. கழுத்தோ முதுகோ அடிபட்டிருக்கும் சந்தேகம் இல்லையென்றால், வசதியாகச் சாய்ந்து உட்காரவிட்டு, அடிபட்ட கையை அவர் பிடித்திருந்தபடியே ஒரு துண்டால் தாங்கிக் கட்டினால் போதும். உயரத்திலிருந்து விழுந்தவரையோ வண்டி மோதியவரையோ அசைக்காமல் நேராகப் படுக்கவைத்து 108 ஆம்புலன்ஸுக்காகக் காத்திருக்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் இரண்டு பேருக்கு நடுவே செருகிக்கொண்டு போவது கூடாது. வாயில் சோடாவோ டீயோ ஊற்ற வேண்டாம். ஆபரேஷன் தேவைப்பட்டால் அதுவே இடைஞ்சல்.

மூச்சு இழுக்கும்போது குத்தினால் ‘மூச்சுப்பிடிப்பு’ என்று தைலம் போட்டு நீவிவிடுவது இன்னொன்று. அடிபட்ட பிறகு வரும் மூச்சுப்பிடிப்பு, வேறு ஏதோ என்று நிரூபணமாகும் வரை விலா முறிவுதான். புத்தூர் கட்டுக்குப் போகும் வழக்கம் வடசென்னையில் வேரூன்றியது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். காறை எலும்பின் நடுப்பகுதி முறிவுகளில் பெரும்பாலானவை வெறும் ஆர்ம் ஸ்லிங்கிலேயே கூடிவிடும். ஆகவே கட்டுப் போட்டவருக்கும் கூடுகிறது, பெயர் கட்டுக்குப் போகிறது. ஆனால் மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் விலா முறிந்தவரின் மூச்சு இன்னும் குறுகும். மருந்துக்கடையில் விற்கும் அகல எலாஸ்டிக் பெல்ட்டுக்கும் இதே சொல் பொருந்தும். வலி குறைவதுபோல் இருக்கும், அதற்கு விலை நிமோனியா. ஒரு காலத்தில் மருத்துவர்களே மார்பைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டினார்கள், பிறகு கைவிட்டார்கள். முதுகில் எட்டு வடிவில் மாட்டும் தோள் பெல்ட்டும் முறிந்த விலாக்களை அழுத்தும், சாதாரண ஸ்லிங்கைவிட அதனால் எலும்பு மேலாகக் கூடுவதும் இல்லை.

மருத்துவமனை வாசலில் கூடப் போனவரின் வாய்ச்சொல் முக்கியம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுகளில் நோயாளிகள் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கப்படுகிறார்கள். நடந்தே உள்ளே வந்து ‘தோளில் அடி’ என்று சொல்பவர் பச்சைக்குப் போய்விட வாய்ப்புண்டு. ‘13 அடி உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விழுந்தார், மூச்சு இழுத்தால் குத்துகிறது, ஒரு நிமிடத்துக்கு 28 மூச்சு’ என்று சொன்னால் அவர் போகும் இடமே வேறு. மார்பு எக்ஸ்ரேயில் விலா முறிவுகளில் பாதிவரை தெரியாமல் போகும். நுரையீரலைச் சுற்றிக் காற்றோ ரத்தமோ உள்ளதா என்பதைப் படுக்கையிலேயே ஸ்கேன் கருவி சில நிமிடங்களில் காட்டிவிடும். முறிவுகளை முழுதாக எண்ண வேண்டுமானால் சி.டி. வேண்டும்.

காற்றோ ரத்தமோ தேங்கியிருந்தால் விலாக்களுக்கு இடையே டியூப் போடுவார்கள். அதன் மறுமுனை தண்ணீர் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்கும். காற்று குமிழியிட்டு வெளியே போகும், திரும்ப உள்ளே வராது. அந்தப் பாட்டில் எப்போதும் மார்பைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். எக்ஸ்ரே அறைக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிப் போகும்போது, கூட வந்தவர் உதவிக்காக அதைத் தூக்கி நோயாளியின் மார்பில் வைத்துவிடுவது அடிக்கடி நடப்பது. பாட்டில் தண்ணீர் மார்புக்குள் திரும்பிவிடும். சீட்டில் எழுதித் தர வேண்டிய எச்சரிக்கை இது.

சிகிச்சையின் பெரும்பகுதி வலியை அடக்குவதுதான். வலி அடங்கினால் மூச்சு விரியும், இருமல் வரும், சளி வெளியேறும். மாத்திரை போதாதபோது முதுகுப் பக்கம் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவார்கள். மார்பின் ஒரு துண்டே தனித்து ஆடும் நிலையில் விலாக்களுக்குத் தகடு வைப்பது உண்டு. காறை எலும்புக்கு எப்போது ஆபரேஷன் என்பதில் சில விஷயங்கள் தீர்மானமானவை: தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிவது, எலும்பு முனை தோலைக் கூடாரம்போல் தூக்கி நிற்பது, ரத்தக்குழாய் அடிபடுவது, தோள்பட்டை எலும்பின் கழுத்தும் சேர்ந்து முறிவது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குட்டையானாலும் யோசிப்பார்கள். பல விலாக்கள் முறிந்த ஒருவருக்குக் காறை எலும்பில் தகடு வைப்பது அறுவை மருத்துவர்களிடையே இன்னும் வாதத்துக்குரியது. எழுந்து உட்கார, ஊன்றுகோல் பிடிக்க, நன்றாக இரும உதவும் என்பது ஒரு கட்சி. ஏற்கெனவே தடுமாறும் நுரையீரலுக்கு மயக்க மருந்து வேறா என்பது மறு கட்சி. மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கு முதல் கட்சியின் பக்கம் நியாயம் சற்றுக் கூடுதல் என்று தோன்றுகிறது. முடிவு ஒவ்வொரு நோயாளியின் நுரையீரலைப் பார்த்துத்தான்.

வீட்டுக்கோ அறைக்கோ அனுப்பப்பட்டவருக்கு முதல் மூன்று நாட்கள் ஆள் துணை வேண்டும். ஆறு பேர் ஷிப்ட் முறையில் தங்கும் அறையில், எல்லோரும் வேலைக்குப் போன பிறகு அவர் தனியாகக் கிடப்பதுதான் உண்மை நிலை. அதற்கு ஏற்பாடு செய்வது காண்ட்ராக்டரின் பொறுப்பு. மூன்று பந்து உள்ள ஸ்பைரோமீட்டர் கொடுத்திருப்பார்கள். அதைப் பலர் ஊதுகிறார்கள்; பந்து மேலே போகாததால் கருவி சரியில்லை என்று தூக்கிப் போடுகிறார்கள். அது உறிஞ்ச வேண்டிய கருவி. குழாயை வாயில் வைத்து மெதுவாக உள்ளே இழுத்து, பந்துகள் மேலே நிற்கும்படி சில வினாடி பிடிக்க வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து முறை. இருமும்போது அடிபட்ட பக்கத்தில் ஒரு தலையணையைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டால் வலி தாங்கும். காய்ச்சல், பழுப்புச் சளி, மூச்சு வாங்குதல், திடீர் குழப்பம், இவற்றில் ஒன்று வந்தாலும் திரும்ப மருத்துவமனைக்குத்தான். பீடி முழுதாக நிறுத்த வேண்டியது. எலும்பு கூடுவதையும் அது தாமதப்படுத்தும்.

வயதானவர்களுக்குத் தனி அளவுகோல். அமெரிக்காவின் சியாட்டிலில் செய்து 2000-இல் வெளியான ஆய்வில், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு முறிந்த ஒவ்வொரு கூடுதல் விலாவுக்கும் இறப்பு வாய்ப்பு 19 விழுக்காடும் நிமோனியா வாய்ப்பு 27 விழுக்காடும் ஏறியது. யார்டுகளில் இரவுக் காவலுக்கு நிற்பவர்களில் அந்த வயதை நெருங்கியவர்கள் பலர். அவர்கள் உயரத்திலிருந்து விழ வேண்டியதில்லை. இருட்டில் கயிறு தடுக்கி விழுந்தாலே போதும். 30 வயதுக்காரரை வீட்டுக்கு அனுப்பும் அதே முறிவுகளோடு 65 வயதுக்காரரை மருத்துவமனையில் வைத்துக்கொள்வதுதான் சரி.

விலாக்கள் கூட ஆறு வாரம் ஆகும், வலி அதற்கு மேலும் நீளலாம். காறை எலும்புக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம். இரண்டும் முறிந்த லோடுமேன் மூன்று மாதத்துக்கு முன் மூட்டை தூக்கக் கூடாது. நுரையீரலில் காற்று கசிந்தவர் முழுதாகக் குணமாகி மருத்துவர் அனுமதிக்கும் வரை கடலில் முங்கவோ விமானத்தில் ஊருக்குப் போகவோ கூடாது. வலை இழுக்கும் மீனவர் கரையிலேயே பழுதுபார்க்கும் வேலையைச் சில வாரம் செய்யலாம்.

பணம், காகிதம் பற்றியும் கொஞ்சம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் ஏற்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியபோது அதன் வரம்பு 1 லட்சம் ரூபாய். எந்த மாநிலத்தவரானாலும் விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் போதும். ஆலைக்குள் சாரத்திலிருந்து விழுந்தவருக்கு அது பொருந்தாது, அவருக்கு இ.எஸ்.ஐ.யும் முதலாளியின் பொறுப்பும்தான் வழி. எந்த வழியானாலும் முதலில் கேட்கப்படுவது ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி. அதில் காறை எலும்பு மட்டும் எழுதப்பட்டு, மூன்றாம் நாள் விலா முறிவு தெரியவந்தால், ‘அது அந்த விபத்தில் வந்ததா’ என்ற கேள்வி இழப்பீட்டு விசாரணையில் எழும். ஆகவே முதல் நாளே மார்பில் அடி, மூச்சில் வலி என்ற வரிகள் ஏ.ஆரில் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு தெரியவந்த முறிவுகள் டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனையாவது விலா, எந்தப் பக்கம் என்ற விவரத்தோடு எழுதப்பட வேண்டும். சி.டி. படத்தின் தட்டும் அறிக்கையும் காண்ட்ராக்டரின் அலமாரியில் இருக்கக் கூடாது. அவை தொழிலாளியின் கையில் இருக்க வேண்டியவை. அவர் அசாமுக்கோ பீகாருக்கோ திரும்பிப் போனால், அங்கே அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.